ஒரு கொக்கிகூடக் காலியில்லை

அந்தப் பலகையில் ஒரு கொக்கியாவது காலியாக இருந்திருக்க வேண்டும். எந்தக் கொக்கி என்றுகூட எனக்குத் தெரியும். அதைக் காலியாக விடும்படி ஏற்பாடு செய்தவளே நான்தான். ஆனால் வாட்ச்மேன் கடைசி டோக்கனையும் மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு விலகியபோது, மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசை வரை பலகை நிறைந்து கிடந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு மேடம். போன தடவையைவிடச் சீக்கிரம்," என்று சொல்லிவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

உள்ளே ஒரு ஆள் இருந்தாள். என் கையால் நானே உட்காரவைத்துவிட்டு வந்த ஆள்.

இப்படிப் பாதியிலிருந்து தொடங்கினால் யாருக்கும் புரியாது. கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

நான் ஒரு தீவனக் கிடங்கில் பாதுகாப்பு அலுவலர். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், மக்காச்சோளம் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து கூரை வரை அட்டி அட்டியாக அடுக்கப்பட்டு, பிறகு லாரி ஏறிப் போகும். அதில் யார் தலையிலும் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முகத்துக்கு நேராக "மேடம்" என்பார்கள். முதுகைத் திருப்பினால் "ஹெல்மெட் அக்கா". எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, தொழிலகப் பாதுகாப்பு மேலாண்மையில் முதுகலை படிக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. வார இறுதி வகுப்பு. என் கணவர் அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்பவே வீட்டுல ஸ்டூல் மேல ஏற விடமாட்டேங்கிற. படிச்சு முடிச்சா கட்டில்லயாவது ஏற விடுவியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதல் பருவம் முடிவதற்குள் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டேன். சமையலறையில் கத்திகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்தன. குளியலறை வாசலில் ரப்பர் பாய் வந்தது. அவர் துணி காயப்போடும் கயிற்றைக் கழுத்து உயரத்தில் கட்டியிருந்ததற்காக ஒரு முழு மாலை சண்டை போட்டேன். "தலைக்கு மேல கட்டினா எட்டாது, இடுப்புக்குக் கீழ கட்டினா துணி தரையில புரளும். கழுத்தைத் தவிர வேற என்னதான் இருக்கு மனுஷனுக்கு?" என்றார். இந்த ஆளிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் வகுப்பு நாட்களில் நான் எழுவதற்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைப்பதும், பஸ் நிற்குமிடம் வரை பைக்கில் கொண்டுபோய் விடுவதும் இதே ஆள்தான்.

இனி அந்தப் பலகை. அது என் யோசனை. கிடங்கின் வாசலில் ஒரு பெரிய மரப்பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒருவருடைய டோக்கன். உள்ளே போகும்போது உங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு போகிறீர்கள், வெளியே வரும்போது மாட்டுகிறீர்கள். ஆபத்து என்று சைரன் ஊதினால் வேலியோரம் வைத்திருக்கும் வாளியில் டோக்கனைப் போட்டுவிட்டு நிற்க வேண்டும். வாட்ச்மேன் வாளியைக் கொண்டுபோய் டோக்கன்களைப் பலகையில் மாட்டுவார். எந்தக் கொக்கி காலியோ அந்த ஆள் உள்ளே இருக்கிறார். குழந்தைக்குக்கூடப் புரியும். இதை நினைத்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என் ஆய்வுக்கட்டுரையையே இந்தப் பலகையை நம்பித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு மட்டும் இந்தப் பலகையால் தொல்லை. அவர் கையில் எதுவும் தங்காது. குடை தங்காது, பேனா தங்காது, டோக்கன் எங்கே தங்கும்? ஒருமுறை மக்காச்சோள மூட்டைக்குள் விழுந்து லாரியோடு போய்விட்டது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் "பாதுகாப்பு அலுவலர் வீட்டுக்காரரே இப்படியா?" என்று கேட்டுவிட்டார். அவமானம் எனக்கு. அதன்பிறகு புது டோக்கனில் தடித்த சிவப்பு நூலைக் கட்டி என் கைப்பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். காலையில் பைக்கை நிறுத்தியதும் இரண்டு டோக்கனையும் நானே எடுப்பேன், சாயங்காலம் நானே மாட்டுவேன். வீட்டுச் சாவியும் மூக்குக்கண்ணாடி உறையும் கிடக்கும் அதே பையில் அதுவும் கிடந்தது.

ஆய்வுக்கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்துவிட்டுப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது நல்ல சகுனம் இல்லை.

"உங்க ஒத்திகையில எல்லாம் ஆள் கணக்கு எப்பவுமே சரியா வருதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

"எப்பவுமே சரியா வர்ற கணக்கை நான் நம்ப மாட்டேம்மா. அது தப்பா வர வேண்டிய நேரத்துல தப்பா வருமான்னு பார்த்தீங்களா? பார்க்காம இதை நான் ஏத்துக்க முடியாது."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கு நங்கென்று போட்டுத் தேய்த்தேன். இத்தனை மாத உழைப்பை ஒரே வாக்கியத்தில் ஓரமாகத் தள்ளிவிட்டாரே என்று ஆத்திரம். ஆனால் கோபம் வடிந்ததும் அவர் கேட்டது சரிதான் என்று பட்டது. அதற்கு வழி சுலபம். ஒத்திகை நடக்கும்போது ஒரு ஆளை உள்ளேயே ஒளித்துவைக்க வேண்டும். பலகையில் ஒரு கொக்கி காலியாகத் தெரியும். அதைப் படம் பிடித்துப் பேராசிரியர் மேசையில் வைத்தால் பட்டம் என் கையில்.

யாரை ஒளித்துவைப்பது? என் நாத்தனார் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கிடங்கில் 'ரேடியோ' என்று பெயர். காலையில் உள்ளே நுழைந்தால் சாயங்காலம் வரை ஒலிபரப்பு நிற்காது. அவள் இல்லையென்றால் அந்த அமைதியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவளையே தேர்ந்தெடுத்தேன். கிடங்கின் கோடியில் பழைய எடை அறை ஒன்று பூட்டாமல் கிடக்கிறது. அங்கே உட்கார வேண்டும்.

"யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. நான் வந்து கதவைத் தட்டினாத்தான் வெளிய வரணும்," என்றேன்.

"மூச்சுகூட விடமாட்டேன் அண்ணி. பந்தயம்!"

"உங்க அண்ணன்கிட்டயும் மூச்சு விடாதே. அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும்."

மேனேஜரிடமும் சொல்லவில்லை. அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று.

ஒத்திகை நாளன்று காலையில் வாசலில் ஒரு வண்டி நின்றது. மறுநாள் மருந்து வைக்க வேண்டிய ஆட்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வருடத்தில் சில முறை பெரிய கூடத்தில் வண்டு மருந்து வைப்பார்கள். கதவு, ஜன்னல், காற்று போகும் துளை எல்லாவற்றையும் அகலமான டேப்பால் ஒட்டி மூடிவிட்டு, தட்டுகளில் மருந்தை வைத்து, முன்கதவையும் ஒட்டிவிடுவார்கள். அதிலிருந்து கிளம்பும் ஆவியில் வண்டு முதல் எலி வரை எதுவும் மிஞ்சாது. மனுஷனும்தான். அவர்கள் நாளைக்குத்தானே என்று நான் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

சைரன் ஊதியது. ஃபோர்க்லிஃப்ட்டுகள் எங்கே இருந்தனவோ அங்கேயே நின்றன. அப்படித்தான் விதி, பாதி அட்டியைப் பிரித்திருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டுநர்கள், பேக்கிங் பெண்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஓட்டுநர் கூட்டத்தில் என் கணவரின் மஞ்சள் சட்டையைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். நான் வேலைநேரத்துக் கண்டிப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாளியில் டோக்கன்கள் விழுந்தன. நானும் பைக்குள் கையை விட்டு எடுத்துப் போட்டுவிட்டு, கைபேசியில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

பிறகு நடந்ததைத்தான் சொன்னேனே. ஒரு கொக்கிகூடக் காலியில்லை.

ரேடியோவின் டோக்கன் அதன் இடத்தில் ஜம்மென்று தொங்கியது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளுடையதேதான். ஒருவேளை இவள் பந்தயத்தை மறந்து வெளியே வந்துவிட்டாளா? கூட்டத்தைத் துழாவினேன். காணோம். அவள் இருந்தால் காதாலேயே கண்டுபிடித்திருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், பலகை அவள் வெளியே இருக்கிறாள் என்கிறது. நான் செய்த பலகை, என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறது. பேய் அறைந்த மாதிரி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

கிழிபடும் சத்தம் ஒன்று கேட்டுத் திரும்பினேன். சர்ர்ரென்று நீளமாக. மருந்துக்காரர்கள் பக்கவாட்டுக் கதவில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கதவு முடிந்து அடுத்ததற்குப் போயிருந்தார்கள். முகமூடிகள் கழுத்தில் தொங்கின. மருந்து டப்பாக்கள் முன்கதவருகே வரிசையாக இருந்தன.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் அந்தச் செருப்போடு அப்படி ஓடியதை இப்போதும் கிடங்கில் நடித்துக்காட்டுகிறார்களாம். காட்டட்டும்.

மேனேஜர் குறுக்கே வந்தார். "ஏன் மேடம்? எல்லாரும் வெளியதானே இருக்காங்க. நாளைக்கு மறுபடி வேலையை நிறுத்துறதுக்குப் பதிலா, இன்னைக்கே வெச்சுடலாம்னு நான்தான் சொன்னேன்."

"உள்ள ஆள் இருக்கு சார்!"

"யாரு? பலகை நிறைஞ்சிருக்கே. நானே பார்த்துட்டுதான் வந்தேன்."

"என் நாத்தனார் இருக்கா. நான்தான் ஒளிச்சு வெச்சேன். என் படிப்புக்காக."

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படித்துப் படித்து மூளை கலங்கிவிட்டது என்று அவர் முடிவுகட்டியது நன்றாகத் தெரிந்தது. மருந்துக்காரர்களின் தலைவர் மட்டும் டேப்பைக் கீழே வைத்தார். "ஆள் இருக்குன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். நான் டப்பாவைத் தொடமாட்டேன்," என்றார். வழக்கமாகத் தன் ஆட்களை ஒவ்வொரு சந்தாக நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் மருந்து வைப்பாராம். இன்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "உங்க பலகை இருக்கறப்ப எதுக்குன்னு சார் சொன்னாரு," என்றார்.

அவர் நிறுத்திவிட்டார் என்றதும் எனக்கு உயிர் வந்தது. நான் அந்த நிமிஷமே உள்ளே ஓடி ரேடியோவைக் கூட்டி வந்திருக்க வேண்டும். ஓடவில்லை. டப்பா திறக்கவில்லை, அவள் எடை அறையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாள், என்ன அவசரம் என்று தோன்றியது. அதைவிட, மேனேஜர் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னது பலகைதான், நானில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் காட்ட வேண்டும். கட்டுரைக்கும் அது வேண்டும்.

"எல்லாரும் வாங்க! அவங்கவங்க டோக்கனை அவங்கவங்க கையால எடுத்துக்கணும். யாரும் யாருக்காகவும் எடுக்கக்கூடாது!"

முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் வந்து எடுத்தார்கள். பலகை காலியாகிக்கொண்டே வந்தது. எல்லோரும் எடுத்து முடித்ததும் பேக்கிங் பிரிவு வரிசையில் ரேடியோவின் டோக்கன் மட்டும் தனியாகத் தொங்கியது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. சீ, என்ன வெற்றி.

"இதை வாளியில போட்டது யாரு?"

பேக்கிங் பெண்களில் மூத்தவர், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், முன்னால் வந்தார். "நான்தாம்மா. எங்க ஏப்ரன்ல பாக்கெட் கிடையாதே. எல்லாப் பொண்ணுங்க டோக்கனும் என் பையிலதான் கிடக்கும். எப்பவும் மொத்தமா அள்ளிப் போட்டுடுவேன்."

"எப்பவுமேவா?"

"பலகை வெச்ச நாள்லேருந்தும்மா. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதானே."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒத்தாசையா? அவ உள்ள செத்துக் கிடந்தாலும் வெளிய வந்துட்டாள்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா? அந்த ஆளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுப் போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் அம்மா வயது அவருக்கு. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வாட்ச்மேன் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், கீழ இன்னொண்ணு இருக்கு."

"எது?"

"கீழ்வரிசைல. யாரும் எடுக்கல."

குனிந்து பார்த்தேன். ஓட்டுநர் வரிசையின் ஓரத்தில் ஒரு டோக்கன். அதில் தடித்த சிவப்பு நூல்.

அந்த முடிச்சு நான் போட்டது. நூல் பிரியக்கூடாது என்று பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு. அந்த டோக்கன் என் பையில் இருந்தது. சற்று முன்னால் என் டோக்கனோடு சேர்த்து என் கையே அதை வாளியில் போட்டிருந்தது. நான் பார்க்கக்கூட இல்லை. பைக்குள் கை விட்டது, இரண்டை எடுத்தது, போட்டது. தினமும் செய்கிற மாதிரி.

"இவர் எங்க?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "இவர் எங்க?"

அவரோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒல்லி என்கிற பையன், தம்பி மாதிரி எனக்கு, குழப்பத்தோடு பார்த்தான். "அண்ணன் உங்ககூட இருக்காருன்னுல்ல நெனச்சோம் அக்கா. தங்கச்சி சத்தத்தையே காணோமேன்னு தேடிட்டிருந்தாரு. அப்புறம் பார்க்கல."

ஒரு கணம் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு எப்படி உள்ளே போனேன் என்று நினைவில்லை. பக்கவாட்டுக் கதவில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பிய்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான்கைந்து நாள் நகக்கண்ணெல்லாம் வலித்தது.

உள்ளே இருட்டும் தீவன வாசனையும். ஏங்க, ஏங்க என்று கத்திக்கொண்டு அட்டிகளுக்கு நடுவே ஓடினேன். எனக்குப் பின்னால் கிடங்கே ஓடி வந்தது. எடை அறைக் கதவு திறந்து ரேடியோ எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உங்க அண்ணனைப் பார்த்தியா?"

"பார்க்கல அண்ணி. குரல் கேட்டுச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே வந்தாரு. நீங்கதான் வாயைத் திறக்காதேன்னீங்க. என்னைக் கண்டுபிடிக்கற ஆட்டமோன்னு நெனச்சு வாயைப் பொத்திக்கிட்டு…" அவள் கை தானாக வாய்க்குப் போனது. "அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. மூட்டை இறக்குறாங்கன்னு இருந்துட்டேன்."

பிறந்ததிலிருந்து வாயை மூடாதவள். மூடச் சொன்னது நான்.

சுவரோரம் ஒரு அட்டி சரிந்து கிடந்தது. சைரன் ஊதியபோது பாதி பிரித்தபடி விட்டுவிட்டு வந்த அட்டி. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அந்தச் சந்தில் யாரும் போகக்கூடாது என்று நானே சிவப்புப் பட்டை அடித்து வைத்திருந்தேன். தங்கச்சி மயங்கி அதற்குப் பின்னால் விழுந்து கிடக்கிறாளோ என்று அவர் நுழைந்திருக்கிறார். மூட்டைகளுக்கு அடியில் மஞ்சள் துணி தெரிந்தது.

யாரும் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. ஒல்லியும் மூட்டை தூக்குகிறவர்களும் மருந்துக்காரர்களும் கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகளை எடுத்தார்கள். மேனேஜர்கூடச் சட்டை கிழிய ஒன்றை இழுத்தார். படித்த படிப்பெல்லாம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் செருப்பு ஒன்று தனியாகக் கிடந்தது, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கடைசி மூட்டை அவர் மார்பின்மேல் குறுக்காகக் கிடந்தது. அதை எடுத்ததும் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். முகமெல்லாம் தவிட்டுத் தூசி.

"உள்ள… தங்கச்சி இருக்கா," என்றார். "மருந்து வெச்சுடாதீங்க."

"நான் இங்கதான் இருக்கேன் அண்ணா!" என்று ரேடியோ அலறினாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "டேப் ஒட்டுற சத்தம் கேட்டுச்சு. கத்திப் பார்த்தேன். குரல் வரல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழத் தோன்றியது. அழுதேன்.

தொடை எலும்பு முறிவு, விலா எலும்பில் விரிசல். பிழைத்துக்கொண்டார். மேனேஜருக்கும் எனக்கும் மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது, நியாயம்தான். பேக்கிங் ஏப்ரன்களில் பாக்கெட் தைக்கச் சொன்னார்கள். பெரியக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ திட்டினது சரிதாம்மா. ஆனா உன்னையும் சேர்த்துத் திட்டியிருக்கணும்," என்று சொல்லிவிட்டு டீ கொடுத்தார்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. "விட்டுட்டா அந்த ரெண்டு டோக்கனும் ஏன் விழுந்துச்சுன்னு யார் எழுதுறது?" என்றார். அடுத்தவர் டோக்கனைப் போட்ட ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதிவரச் சொன்னார். ஒருவரையும் விடக்கூடாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில், கேள்விகளோடு என் கணவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கால் மாவுக்கட்டோடு மேலே தொங்கியது. ரேடியோ பக்கத்துக் கட்டில்காரரின் குடும்பக் கதை முழுவதையும் அவரிடமிருந்தே வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும், பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு "இதோ இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறாள். அன்றிலிருந்து அப்படித்தான்.

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சா?" என்றார் அவர்.

"ஒரு ஆள் பாக்கி."

"யாரு?"

அவர் என் கையிலிருந்து தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமி, அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "சொல்லுங்க மேடம். வேலை?"

"விளையாடாதீங்க."

"பதில் மட்டும் சொல்லுங்க. டோக்கன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அவர் தொலைச்சுடுவார். அதனால நான் வெச்சுப்பேன்."

"அவர் ஏன் உங்ககிட்டயோ வாட்ச்மேன்கிட்டயோ சொல்லிட்டு உள்ள போகல?" இந்தக் கேள்வி தாளில் இல்லை. அவரே கேட்டார், அவரே பதிலும் சொன்னார். "தங்கச்சி வெளிய வரலன்னு எல்லார் முன்னாலயும் சொன்னா உன் ஒத்திகை கெட்டுப்போயிடும். பரீட்சைல மார்க் குறைஞ்சுடும். சத்தமில்லாம கூட்டிட்டு வந்துடலாம்னு நெனச்சேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தாளில் விரலை வைத்து அடுத்த வரியைப் படித்தார்.

"டோக்கனைப் போடும்போது, அந்த ஆள் வெளிய இருக்காரான்னு திரும்பிப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன் பார்க்கல?"

பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விளையாட்டு முகம் போய்விட்டிருந்தது. ரேடியோகூடப் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அவர் எங்கயும் போகமாட்டார்னு நெனச்சேன்," என்றேன்.

அவர் எழுதவில்லை. "பேனா எழுதல," என்று சொல்லி என்னிடம் நீட்டினார். நான் வாங்கி எழுதினேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.